நின்றவர்களுக்கு வாடகை இல்லை

அப்போது என் இரண்டாவது மகன் வயிற்றில் இருந்தான். எட்டாம் மாதம். கார்டினா என்ற அமெரிக்கச் சிற்றூரில் ஒரு சீட்டுக் கிளப்பில் மேசை மேசையாகக் காபியும் சூப்பும் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ஒரு நாள் காலை, சுவரோர மேசைக்குப் பக்கத்தில் வந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கையிலிருந்த தட்டு என்ன ஆனது என்று தெரியாது. யாரோ என் தோளைப் பிடித்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

வேலைக்காரர்கள் ஆட்டக்காரர்களின் நாற்காலியில் உட்காரக் கூடாது. நான் பதறி எழுந்திருக்கப் பார்த்தேன். பின்னாலிருந்து ஒரு கை அழுத்தியது.

"உட்காரு கண்ணு. இது என் நாற்காலி."

அதே நேரம் பார்த்து டார்லீன் வந்துவிட்டாள். அரை மணிக்கு ஒரு தடவை இடுப்பில் தட்டைச் சாய்த்துக்கொண்டு, உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் நாற்காலி வாடகை வசூலிப்பவள் அவள்.

"அவ இங்க உட்காரக் கூடாது, மிசஸ் ஹேக்கெட். மானேஜர் பாத்தா என்னைத்தான் கடிச்சுக் குதறுவாரு."

மிசஸ் ஹேக்கெட் காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் ஒரு டாலர் சில்லைச் சத்தம் வராமல் அவள் தட்டில் வைத்தாள். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்: "அரை மணிக்கு இது நான் வாடகைக்கு எடுத்த இடம். என் இடத்துல யாரை உட்கார வைக்கறதுன்னு நான் பாத்துக்கறேன். நீ அடுத்த மேசைக்குப் போ."

அந்த அரை மணி நேரமும் நான் உட்கார்ந்திருந்தேன். எழுபது வயதுக்காரி என் தலைக்கு மேலே நின்றுகொண்டே சீட்டாடினாள். இரண்டு ஆட்டம் தோற்றாள். அதை அவள் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை, என்னிடமும்கூட.

இதன் அருமை உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் ஒன்று சொல்ல வேண்டும். ஓபல் ஹேக்கெட் அந்தக் கிளப்பிலேயே பெரிய வாடகைத் திருடி.

நெப்ராஸ்காவில் பிறந்தவள். ரயில்வேக்காரர் ஒருவரின் விதவை. உயரமாக, ஒல்லியாக இருப்பாள். இரண்டு துணிச் செர்ரிப் பழம் தொங்கும் ஒரு தொப்பியை மழையிலும் வெயிலிலும் கழற்ற மாட்டாள். கைப்பையில் அவித்த முட்டை வைத்திருப்பாள். கையில் நல்ல சீட்டு வந்தால் முட்டையை உரிக்க ஆரம்பிப்பாள். கெட்ட சீட்டு வந்தாலும் உரிப்பாள். எதிரே இருப்பவர்களுக்கு ஒன்றும் விளங்காது. சலவைக் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக இருந்தாள். அந்த அறையில் ஒரு கட்டிலும் ஒரு ரேடியோவும் உண்டு. மற்றதெல்லாம் அவளுக்கு இந்த மேசைதான். தோட்டக்காரர் நாகாட்டா அவளுக்குப் பழம் கொண்டு வருவார். கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற கஸ் அவளோடு சண்டை போடுவார். ஒரு நாள் சண்டை இல்லையென்றால், "உடம்பு சரியில்லையா கஸ்?" என்று அவளே கேட்பாள்.

எங்கள் மாகாணத்துச் சட்டப்படி கிளப் ஆட்டத்தில் கை வைக்கக் கூடாது. ஜெயித்த பணத்தில் பங்கு கேட்கக் கூடாது. சீட்டைக் கலைத்துப் போடுவதுகூட ஆட்டக்காரர்களே. கிளப் விற்பது ஒன்றே ஒன்று, உட்காரும் இடம். அதனால் சுவர்க் கடிகாரம் மணியையும் அரை மணியையும் தொடும்போதெல்லாம் டார்லீன் தட்டோடு கிளம்புவாள். அந்த நேரத்தில் நாற்காலியில் யார் இருக்கிறாரோ அவர் தர வேண்டும். ஆள் இல்லாத நாற்காலிக்கு முன்னால் இருக்கும் சில்லுகளை அவள் தொடக் கூடாது. ஒரு காலத்தில் யாரோ தொட்டு, பெரிய ரகளையாகி, அப்படி ஒரு விதி வந்துவிட்டது.

ஓபலுக்கு அந்த விதி போதும். கடிகார முள் நெருங்கும்போது அவளுக்குப் பாத்ரூம் வரும். இல்லையென்றால் காதுத் தோடு மேசைக்கடியில் விழும். ஒரு தடவை, கணவர் போனில் கூப்பிடுகிறார் என்று எழுந்து போனாள்.

"உன் புருஷன் செத்துப் பன்னெண்டு வருஷம் ஆச்சே!" என்றார் கஸ்.

"அதனாலதான் லைன் கிடைக்க இவ்வளவு நேரம்," என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள்.

மானேஜர் மைல்ஸ் ரோர்க் கெட்டவர் இல்லை. நல்ல கத்தோலிக்கர், எங்கள் கோயிலில்தான் பூசைக்கு வருவார். ஆனால் முதலாளிகள் அவரை நெருக்கினார்கள். ஒரு நாள் அவர் எல்லார் முன்னாலும் ஓபலிடம் வந்து நின்றார்.

"மிசஸ் ஹேக்கெட், உங்க வயசுக்கு மரியாதை குடுத்துச் சொல்றேன். வாடகை நேரத்துல இனி ஒரு தடவை நாற்காலியை விட்டுப் போனீங்கன்னா, திரும்பி வர வேண்டாம். கதவு சாத்தியாச்சுன்னு வச்சுக்கங்க. இன்னிக்கு மட்டும் இல்ல, என்னிக்குமே."

"போகவே கூடாதா?"

"போகவே கூடாது."

"சரி மிஸ்டர் ரோர்க். போக மாட்டேன்."

அவள் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் இருந்தாள். டார்லீன் வந்தால் சில்லை எடுத்து வைப்பாள். ஆனால் முட்டை சாப்பிடுவது நின்றுவிட்டது. முகம் வாடிவிட்டது. பணம் போகிறதே என்ற கவலை இல்லை அது. பல்லைப் பிடுங்கிய பூனை மாதிரி இருந்தாள்.

எங்கள் கோயில் அடுத்த தெருவில். நடுப்பகல் மணி அடித்தால் சமையலறைப் பின்கதவு வழியாக நன்றாகக் கேட்கும். அந்த நேரம் நான் எங்கே இருந்தாலும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, நின்று, மூவேளை செபம் சொல்வேன். சிறு வயதில் எங்கள் ஊரில் அம்மா பழக்கியது. ரோர்க்கும் அப்படித்தான். கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி, யாரையாவது திட்டிக்கொண்டிருந்தாலும் சரி, தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, மணி ஓயும்வரை வாய் திறக்க மாட்டார்.

இதை ஓபல் பார்த்துவிட்டாள்.

மறுநாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு, நீ மத்தியானம் நின்னு என்னமோ சொல்றியே, அது என்ன?"

நான் சொன்னேன். தேவதூதர் மாதாவுக்குச் செய்தி கொண்டுவந்ததை நினைத்துச் சொல்லும் செபம் என்றேன்.

"உட்காந்து சொல்லக் கூடாதா?"

"நின்னுதான் சொல்லணும், மிசஸ் ஹேக்கெட்."

"நின்னுதான் சொல்லணுமா!" அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து என் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆண்டவர் இந்த ஆத்துமாவைத் தொட்டுவிட்டார் என்றே நினைத்தேன். காபி ஆறுவதுகூடத் தெரியாமல் வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் நடுப்பகல். கோயில் மணியும் கடிகாரமும் ஒன்றாகச் சேர்ந்தன. டார்லீன் தட்டோடு வந்தாள். ஓபல் எழுந்தாள். எங்கும் போகவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, கையைக் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டாள். தொப்பியில் செர்ரிப் பழங்கள் பக்தியோடு தொங்கின.

டார்லீன் மானேஜரைப் பார்த்தாள். மானேஜர் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு கல் போல நின்றார். வாய் திறக்க முடியாது. மணி ஓய்ந்தது. டார்லீன் அடுத்த மேசைக்குப் போயிருந்தாள். ஓபல் உட்கார்ந்து ஒரு முட்டையை எடுத்து உரித்தாள்.

"நான் எங்கயும் போகலையே, மிஸ்டர் ரோர்க்?" என்றாள்.

ஒரு வாரத்தில் கஸ் எழுந்து நிற்க ஆரம்பித்தார். நாகாட்டாவும் நின்றார்.

"நீங்க புத்த மதம் ஆச்சே?" என்றேன் நான்.

"அதனால என்ன? புத்தரும் நிக்கற மாதிரி சிலை இருக்கு," என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

தவக்காலம் பிறப்பதற்குள் மூன்று மேசைகள் நின்றன. மற்ற வேளைகளில் ஒருவரை ஒருவர் அப்படித் திட்டிக்கொள்பவர்கள், அந்த ஒரு நிமிடம் கோயில் பாடகர் குழு மாதிரி வரிசையாக நிற்பார்கள். டார்லீன் காலித் தட்டோடு அவர்களுக்கு நடுவே நடந்துபோவாள். நான் சமையலறை வாசலில் நின்று மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அடி அசடே," என்றாள் டார்லீன். "அவங்க சாமி கும்பிடறாங்கன்னா நினைக்கறே? ஒரு டாலரை மிச்சம் பண்றாங்க. பணம் கட்ட வேண்டாம்னா அந்த கஸ் ஒத்தைக் காலுலகூட நிப்பான்."

நேராக ஓபலிடம் போனேன்.

"மிசஸ் ஹேக்கெட், நீங்க பொய்யா நிக்கறீங்களா?"

"கால் எப்படிக் கண்ணு பொய்யா நிக்கும்? தொட்டுப் பாரு, நிஜமாத்தான் வலிக்குது."

"மாதா வருத்தப்பட மாட்டாங்களா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அவங்களும் கஷ்டப்பட்ட குடும்பம்தானே? சத்திரத்துல இடம் கிடைக்காம மாட்டுத் தொழுவத்துல பெத்தவங்க. இட வாடகை விஷயம் அவங்களுக்குப் புரியும்."

நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினேன். எனக்குச் சிரிப்பும் வந்தது. அன்று இரண்டு செபம் அதிகமாகச் சொன்னேன்.

முதலாளிகள் ரோர்க்கைக் கூப்பிட்டு என்ன சொன்னார்களோ, அவர் எங்கள் பங்குச் சாமியார் பாதர் டுகனிடம் போனார். செபம் செய்பவர்களிடம் வாடகை கேட்டால் பாவமா என்று கேட்டாராம். பாதருக்கு வயதாகிவிட்டது; காது கொஞ்சம் மந்தம், மனசு ரொம்பப் பெரியது. சீட்டுக் கிளப்பில் மூன்று மேசை நிறைய ஆட்கள் நடுப்பகலில் செபம் சொல்கிறார்கள் என்றதும் அவர் மற்ற எதையும் கேட்கவில்லை. "நாளைக்கே வர்றேன்," என்றுவிட்டார்.

வந்தார். மணி அடித்தது. மூன்று மேசைகளும் எழுந்தன. பாதர் வாசலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது. மணி ஓய்ந்து எல்லாரும் உட்காரப் போகும்போது ரோர்க் ஓபலைக் காட்டிக் குரல் கொடுத்தார்.

"கொஞ்சம் இருங்க. பாதர், இதை ஆரம்பிச்சவங்க இவங்கதான். கத்தோலிக்கர்கூட இல்ல. இவங்க செபம் பண்றாங்களா, என்னை ஏமாத்தறாங்களா, நீங்களே கேட்டுச் சொல்லுங்க. நாடகம்னா இன்னிக்கே இவங்க பேரைப் பலகையிலேருந்து அழிச்சுடறேன். அப்புறம் இந்தக் கதவு இவங்களுக்குத் திறக்காது."

ஓபலின் தொப்பியில் செர்ரிப் பழங்கள் நடுங்குவதைப் பார்த்தேன். அவள் கண் மேசையைச் சுற்றி வந்தது: நாகாட்டா, கஸ், பச்சைத் துணி, பாதி உரித்த முட்டை. சலவைக் கடைக்குப் பின்னால் இருக்கும் அந்த அறை எனக்கு நினைவுக்கு வந்தது. மாதாவே, அவளுக்கு ஒரு நல்ல பொய்யைக் கொடு என்று நான் வேண்டிக்கொண்டேன். ஆண்டவர் மன்னிக்கட்டும்.

பாதர் அவள் கிட்டே வந்தார். "அம்மா, மணி அடிக்கும்போது நீங்க என்ன சொல்றீங்க?"

ஓபல் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "மிஸ்டர் ரோர்க்கிட்ட நான் பொய் சொல்லுவேன், பாதர். அது விளையாட்டு. உங்ககிட்ட எப்படிச் சொல்றது? முதல் ரெண்டு நாள் நான் ஒண்ணுமே சொல்லல. சும்மா உதட்டை அசைச்சேன். அப்புறம் இந்தப் பொண்ணு அவ்வளவு பிரியமா சொல்லிக் குடுத்தாளேன்னு சொல்ல ஆரம்பிச்சேன். வயசாச்சு, நடுவுல நடுவுல மறந்துபோகுது. மறந்த இடத்துல சீட்டுப் பேரு போட்டு நிரப்பிக்கறேன்."

"சீட்டுப் பேரா?"

"ராணி மட்டும்தான், பாதர். ஜாக்கி எல்லாம் போடல. மாதாவுக்கு மரியாதை குறையக் கூடாதில்லையா?"

கஸ் இருமினார். அது இருமல் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

"கேட்டீங்களா, பாதர்!" என்று சொல்லிக்கொண்டே ரோர்க் பலகைப் பக்கம் நடந்தார். அதில்தான் அன்றைய ஆட்டக்காரர்களின் பெயர்கள் சுண்ணக்கட்டியால் எழுதியிருக்கும். அழிக்கும் துணியைக் கையில் எடுத்தார்.

"இரு மைல்ஸ்," என்றார் பாதர். "நாற்காலிக்கு வாடகைன்னியே, அது எப்படி?"

ரோர்க் துணியைக் கையில் வைத்துக்கொண்டே விளக்கினார். மணி அடிக்கும்போது உட்கார்ந்திருப்பவர் தர வேண்டும் என்றார்.

பாதர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "நான் முதல்ல பாஸ்டன்ல இருந்தேன். அந்தக் காலத்துல எங்க கோயில் வாசல்ல ஒரு மேசை போட்டிருப்போம். பெஞ்சுல உட்காரணும்னா பத்து சென்ட். பூசைக்கு வர்றவங்ககிட்ட அதை வாங்கிப் போட்டது நான்தான்."

ஓபல் மெல்லக் கேட்டாள்: "நின்னவங்ககிட்ட, பாதர்?"

"நின்னவங்ககிட்ட வாங்கினதில்லை. கடைசியில, தூணுக்குப் பின்னாடி நிப்பாங்க. எல்லாம் துறைமுகக் கூலிக்காரங்க. அவங்ககிட்ட எப்படிக் கேக்கறது?"

ரோர்க்கின் கையில் துணி அப்படியே நின்றது. "எங்கப்பாவும் அப்படித் தூணுக்குப் பின்னாடி நின்னவருதான்," என்றார், யாரிடம் என்று இல்லாமல். உடனே சுதாரித்துக்கொண்டார். "ஆனா எங்கப்பா அங்க நின்னு சீட்டாடல, பாதர்!"

"அது நியாயம்தான்," என்றார் பாதர். "அப்ப நிக்கறதுக்கு வாங்காதே. உட்காந்தா வாங்கு. நாள் பூராவும் மணி அடிச்சுக்கிட்டா இருக்கு?" பிறகு ஓபல் பக்கம் திரும்பினார். "நீங்க அந்த ராணிகளை எல்லாம் எடுத்துட்டு, செபத்தை முழுசா மனப்பாடம் பண்ணுங்கம்மா."

போகும்போது பாதர் என்னிடம் ஒரு கிண்ணம் சூப் வாங்கிக் குடித்தார். நின்றுகொண்டேதான் குடித்தார். உட்கார்ந்தால் டார்லீன் வந்துவிடுவாள் என்று பயமாக இருக்கிறது என்றார்.

ரோர்க் பெயரை அழிக்கவில்லை. துணியைப் போட்டுவிட்டு வெகுநேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை வாசலில் புதிதாக ஓர் அறிவிப்புத் தொங்கியது. இனிமேல் நாற்காலி வாடகை மணிக்கும் அரை மணிக்கும் இல்லை. அதற்குப் பத்து நிமிடம் கழித்து.

"சாமிக்குப் பன்னெண்டு. எனக்குப் பன்னெண்டு பத்து," என்றார் ரோர்க். ஓபலைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கிக் காட்டினார்.

ஓபலும் தலையாட்டினாள். நல்ல ஆட்டக்காரி, தோற்றால் ஒத்துக்கொள்வாள். ஆனாலும் அன்றே ஒரு தடவை, பத்து நிமிடம் ஆகும் முன் சத்தமில்லாமல் பாத்ரூமுக்குப் போய்ப் பார்த்தாள். கதவைத் திறந்தபோது டார்லீன் தட்டோடு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

"கை கழுவிட்டீங்களா மிசஸ் ஹேக்கெட்? நல்லது. ஒரு டாலர்."

அன்று நடுப்பகலில் கோயில் மணி அடித்தது. நின்றால் லாபம் எதுவும் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. கஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாகாட்டா என்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்துவிட்டு உட்கார்ந்தபடியே இருந்தார். இரண்டு மேசைகளில் ஆட்டம் நிற்கவே இல்லை. நான் தட்டைக் கீழே வைத்தேன். கொஞ்சம் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஓபல் எழுந்து நின்றாள்.

"உட்காரு, ஓபல்!" என்றார் கஸ். "டார்லீன் இன்னும் வரல. யாருக்காக நிக்கறே?"

"உனக்காக இல்ல, நீ சீட்டைப் போடு," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு நான் கேட்டேன். ஏன் நின்றீர்கள் என்றேன். முழங்காலுக்குப் பழகிப்போச்சு என்றாள். அவ்வளவுதானா என்றேன். "வேற என்ன எதிர்பார்க்கறே கண்ணு? ராணி ஒண்ணு இன்னும் நடுவுல வந்துடுது. அதை எடுக்கறதுக்கு நின்னுதானே ஆகணும்?" என்றாள். அதன் பிறகு அவள் அந்தக் கிளப்புக்கு வந்த காலம் முழுக்க, உட்கார்ந்ததற்கு வாடகை கொடுத்தாள். மணி அடித்தால் நின்றாள். ஞானஸ்நானம் வாங்கவில்லை. கோயிலுக்கும் வரவில்லை. பாதர் டுகன் அதற்காக அவளை ஒன்றும் சொன்னதில்லை. எப்போதாவது என்னிடம், "ராணி போயாச்சா?" என்று மட்டும் கேட்பார்.

பிறகு அவளுக்கு நெஞ்சு பலவீனமாகி, டாரன்ஸில் முதியோர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் முட்டை அவித்துக்கொண்டு போனேன். கட்டிலில் இன்னும் ஒல்லியாகக் கிடந்தாள். தொப்பி கட்டில் கம்பியில் தொங்கியது.

"இங்கயும் அரை மணிக்கு ஒருத்தி வர்றா கண்ணு," என்றாள். "ரத்த அழுத்தம் பாக்கறேன்னு கையில பட்டையைச் சுத்தி அழுத்தறா. அவ வர்ற நேரத்தைக் கண்டுபிடிச்சுட்டேன். சரியா அப்ப எனக்குப் பாத்ரூம் வந்துடும்."

கட்டிலருகே ஒரே ஒரு நாற்காலி. நாள் முழுக்க வேலையில் நின்று என் கால் வீங்கியிருந்தது. நான் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, படுத்தபடியே கையை நீட்டி என் வேலை உடுப்பின் நுனியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். உட்கார்ந்தேன். கிளப் கதை எல்லாம் கேட்டாள். கஸ் யாரோடு சண்டை போடுகிறார் என்று கேட்டாள். யாரோடும் இல்லை என்றதும் முகம் சுளித்தாள். எனக்காகச் சொல்லிக் காட்டுவதுபோல அந்தச் செபத்தை முழுதும் சொன்னாள். நடுவில் ஒரு ராணியும் வரவில்லை.

பார்வையாளர்கள் கிளம்ப வேண்டிய நேரம் நெருங்கியது. நடையில் தாதி கதவு கதவாகத் தட்டிக்கொண்டு வருவது கேட்டது. எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. ஓபல் கதவுப் பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டாள். அந்தப் பழைய வெளிச்சம் முகத்தில் வந்தது. என் கையைத் தட்டினாள்.

"எழுந்திரு கண்ணு, சீக்கிரம் எழுந்திரு. அவ வரும்போது உட்காந்திருந்தியானா, உன்கிட்டயும் வாடகை கேட்டுடுவா."